ஆபீஸ் பூட்டியாச்சு, மனசு பூட்டலையே!
வாசகர் கேள்வி – பதில்

வேலை நேரம் முடிந்த பிறகும் வேலை நினைப்பு விடுவதில்லை என்று வந்த கேள்விகளில் சிலவற்றுக்கு இங்கே பதில் தருகிறோம். ஊரையும் தொழிலையும் மட்டும் குறிப்பிட்டிருக்கிறோம்.

கேள்வி: வங்கிக் கிளையில் உதவி மேலாளராக இருக்கிறேன். ஏழு மணிக்குக் கிளம்பிவிடுவேன். ஆனால் சாப்பிடும்போதும், பிள்ளைக்குப் பாடம் சொல்லித் தரும்போதும் ‘அந்த வீட்டுக்கடன் ஃபைல் என்ன ஆச்சு, ஆடிட்டர் என்ன கேட்பார்’ என்றே மனசு ஓடுகிறது. நினைக்கவே கூடாது என்று கட்டுப்படுத்திப் பார்த்தும் முடியவில்லை. (கரூர்)

பதில்: கட்டுப்படுத்துவதை முதலில் விடுங்கள், சிக்கலே அதில்தான் இருக்கிறது. அமெரிக்க உளவியலாளர் டேனியல் வெக்னர் 1987-இல் வெளியிட்ட ஆய்வில், மாணவர்களிடம் ‘வெள்ளைக் கரடியை மட்டும் ஐந்து நிமிடம் நினைக்காதீர்கள், நினைப்பு வந்தால் மணியை அடியுங்கள்’ என்றார்கள். சராசரியாக நிமிடத்துக்கு ஒரு தடவைக்கு மேல் மணி அடித்தது. ஒன்றை நினைக்கக் கூடாது என்று காவல் காக்கும் மனசு, அது வந்துவிட்டதா என்று அடிக்கடி எட்டிப் பார்க்கத்தானே வேண்டும்?

பாதியில் நிற்கும் வேலை மனசில் தங்கிக்கொள்கிறது என்ற கருத்து, 1927-இல் ப்ளூமா ஜைகர்னிக் என்ற உளவியலாளர் வெளியிட்ட ஆய்விலிருந்து பரவியது. அவர் சொன்ன நினைவாற்றல் முடிவைப் பின்னால் வந்த எல்லா ஆய்வுகளும் உறுதி செய்யவில்லை. உங்களுக்கு அதைவிடப் பயன்படுவது 2011-இல் மாஸிகாம்போ, பௌமெய்ஸ்டர் இருவரும் கண்டது. முடியாத வேலை குறுக்கே வந்து தொந்தரவு செய்வதை நிறுத்த, அந்த வேலையை முடித்தாக வேண்டும் என்பதில்லை. எப்போது, எப்படிச் செய்யப்போகிறோம் என்று திட்டவட்டமாக முடிவு செய்தாலே அந்த உறுத்தல் அடங்கிவிடுகிறது.

ஆகவே உங்கள் வீட்டு நிம்மதிக்கான வேலையைக் கிளையிலேயே, கடைசிக் கால் மணி நேரத்தில் செய்ய வேண்டும். 6.40-க்கு அலாரம் வையுங்கள். முதல் ஐந்து நிமிடம், தலையில் இருக்கும் பாக்கி எல்லாவற்றையும் ஒரு டைரிப் பக்கத்தில் கொட்டுங்கள். வரிசை, முக்கியத்துவம் எதுவும் பார்க்க வேண்டாம். அடுத்த எட்டு நிமிடம், ஒவ்வொன்றுக்கும் மூன்று விஷயம் எழுதுங்கள்: எந்த நாள் எத்தனை மணிக்கு, பொருள் எங்கே இருக்கிறது, கையால் செய்யும் முதல் காரியம் எது. கடைசி இரண்டு நிமிடத்தில், காலையில் முதலில் எடுக்க வேண்டிய ஃபைலை மேஜை நடுவில் வைத்து, டைரியை டிராயரில் போட்டுப் பூட்டுங்கள்.

‘ஆடிட் ஃபைல் பார்க்கணும்’ என்று எழுதினால் பலன் இல்லை. அது இன்னும் கவலையாகத்தான் இருக்கிறது, காரியமாகவில்லை. ‘செவ்வாய் 10.30. மூன்றாம் அலமாரி, நீலக் கோப்பு. மதிப்பீட்டாளருக்கு ஃபோன் போட்டு, 4-ஆம் பக்கத்தில் விட்டுப்போன கையெழுத்துக்கு வரச் சொல்வது’ என்று எழுதுங்கள். இந்த அளவுக்கு இறங்கி எழுதினால்தான் மனசு பிடியை விடும். (வாடிக்கையாளர் பெயர், கணக்கு எண் எதுவும் அந்த டைரியில் வேண்டாம்.)

இது பலருக்கு மூன்று இடத்தில் கெட்டுப்போகிறது. அந்தக் கால் மணியில் ‘இது சின்ன வேலைதானே, முடிச்சிடலாம்’ என்று ஒன்றை ஆரம்பிப்பது முதலாவது. எழுதி முடித்தபிறகு கடைசியாக ஒரு தடவை மெயிலைத் திறப்பது இரண்டாவது. புதிதாக வந்த ஒன்று நாளும் மணியும் இல்லாமல் உங்களோடு வீட்டுக்கு வந்துவிடும். மெயில் பார்ப்பதை 6.40-க்கு முன்னால் முடித்துவிடுங்கள். மூன்றாவதுதான் மோசமானது: மறுநாள் அந்தப் பக்கத்தைத் திறக்காமலே நாளைத் தொடங்குவது. எழுதினால் நடக்கும் என்று அனுபவத்தில் கண்டால்தான் மனசு நம்பும். நாலு நாள் ஏமாற்றினால் பழையபடி தானே காவல் காக்க ஆரம்பித்துவிடும்.

வீட்டில் இருக்கும்போது புதிதாக ஏதாவது தோன்றினால் சட்டைப் பையில் இருக்கும் துண்டுச் சீட்டில் ஒரு வரி எழுதிக்கொள்ளுங்கள். ஃபோனில் வேண்டாம். குறிக்கப்போன கை வாட்ஸ்அப்பையும் திறந்துவிடும்.

கேள்வி: அரசுப் பள்ளி ஆசிரியை. மூன்று வகுப்புகளின் பெற்றோர் வாட்ஸ்அப் குழுக்களில் இருக்கிறேன். இரவு பத்தரைக்கும் ‘மிஸ், நாளைக்கு என்ன எடுத்துட்டு வரணும்?’ என்று வருகிறது. மியூட் செய்தும் சத்தம் வருகிறது. குழுவை விட்டு வெளியேறவும் முடியாது. (விழுப்புரம்)

பதில்: மியூட் செய்த குழுவிலும், உங்கள் பெயரை @ போட்டுக் குறிப்பிட்டாலோ உங்கள் செய்திக்கு நேராகப் பதில் போட்டாலோ அறிவிப்பு வரும். பெற்றோர் பெரும்பாலும் அப்படித்தான் எழுதுவார்கள். ஆர்க்கைவ் செய்தாலும் இதே விதிதான். இருந்தாலும் ஆர்க்கைவில் ஒரு நன்மை உண்டு: பட்டியலில் கண்ணில் படாது. செட்டிங்ஸில் ‘சாட்ஸ்’ பகுதிக்குப் போய், ஆர்க்கைவ் செய்தவை அப்படியே இருக்கட்டும் என்ற தேர்வை ஆன் செய்துவிடுங்கள். இல்லாவிட்டால் புதுச் செய்தி வந்ததும் குழு மறுபடி மேலே ஏறிவிடும்.

இரவில் முழு அமைதி வேண்டுமென்றால் ஃபோனின் ‘டோன்ட் டிஸ்டர்ப்’ வசதிதான் சரி. இரவு 8 முதல் காலை 6.30 வரை தானாக இயங்கும்படி நேரம் குறித்துவிடுங்கள். வீட்டார், தலைமையாசிரியர் எண்களை விதிவிலக்கில் சேருங்கள். ‘ஒரே எண்ணிலிருந்து திரும்ப அழைத்தால் அனுமதி’ என்ற தேர்வையும் ஆன் செய்யுங்கள். உண்மையான அவசரம் என்றால் யாரும் உடனே இரண்டாம் தடவை அழைப்பார்கள். அந்த அழைப்பு ஒலிக்கும்.

மறுநாள் கொண்டுவர வேண்டியதைத் தினமும் மாலை 5 மணிக்கு நீங்களே ஒரே செய்தியாகப் போட்டுவிடுங்கள். பத்தரை மணிக் கேள்விகளில் பெரும்பகுதி அதோடு நின்றுவிடும். குழு விவரத்தில் ‘பதில் நேரம்: காலை 7.30–7.45, மாலை 5–5.30. அவசரம் என்றால் அழைக்கவும்’ என்று எழுதுங்கள். எழுதியதோடு நிற்காமல் அதன்படி நடப்பதுதான் கஷ்டம். ஒரே ஒரு நாள் பதினோரு மணிக்குப் பதில் போட்டாலும், பதினோரு மணிக்கும் கேட்கலாம் என்றுதான் குழுவுக்குப் படும். குழுவில் நீல டிக்கை மறைக்கவும் முடியாது. பதில் சொல்லப்போவதில்லை என்றால் திறக்கவே வேண்டாம்.

இரண்டு சிம் ஃபோன் இருந்தால், பள்ளி எண்ணை வாட்ஸ்அப் பிசினஸில் போடலாம். தனியாக வரும் செய்திகளுக்கு, நீங்கள் குறித்த நேரத்துக்குப் பிறகு தானியங்கிப் பதில் அதுவே அனுப்பிவிடும்.

கேள்வி: ரெண்டு மணி நேரம் ரீல்ஸ் பார்த்தாலும் அலுப்பு போகவில்லையே, ஏன்? (சேலம்)

பதில்: வேலையில் களைத்தது உங்கள் கவனம். ரீல்ஸும் அதே கவனத்தை அரை நிமிடத்துக்கு ஒரு திசையில் இழுக்கிறது. நடுநடுவே ஆபீஸ் அறிவிப்பு எட்டிப் பார்ப்பதும் அதே திரையில்தான். கை வேலை செய்கிற ஏதாவது ஒன்றை அரை மணி நேரம் செய்து பாருங்கள்: பூ கட்டுவது, கீரை ஆய்வது, செடிக்கு மண் மாற்றுவது, ஷட்டில் ஆடுவது. வேலையிலிருந்து மீள்வது பற்றி ஆராய்ந்த சபீன் சோனென்டாக், சார்லட் ஃப்ரிட்ஸ் இருவரும் 2007-இல் நான்கு வழிகளைப் பிரித்துக் காட்டினார்கள்: மனதளவில் விலகுவது, உடலைத் தளர்த்துவது, புதிதாக ஒன்றில் தேறுவது, நேரம் நம் கையில் இருப்பது. சும்மா படுத்திருப்பது இதில் ஒரு கால் பங்குதான்.

கேள்வி: சோழிங்கநல்லூரில் ஐடி வேலை, டெஸ்டிங். கலிஃபோர்னியா டீமோடு இரவு 9.30-க்கு ஆன்லைன் கூட்டம். குளிர்காலத்தில் அது 10.30 ஆகிவிடும். முடித்துவிட்டுப் படுத்தால் ஒரு மணி, ஒன்றரை வரை தூக்கம் வராது. ‘அந்த பக்கை (மென்பொருள் பிழையை) ஏன் சொல்லாமல் விட்டேன்’ என்று தலைக்குள் மீட்டிங் தொடர்ந்து நடக்கும். (சென்னை)

பதில்: முதலில் நேர மாற்றம். அமெரிக்காவில் நவம்பர் முதல் ஞாயிறன்று கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் தள்ளுகிறார்கள். மார்ச் இரண்டாம் ஞாயிறன்று முன்னால் கொண்டுவருகிறார்கள். அவர்களுக்குக் காலை 9 மணியாகவே இருக்கும் கூட்டம், உங்களுக்கு மட்டும் இரவு பத்தரைக்குத் தள்ளிப்போகிறது. அக்டோபரிலேயே மேனேஜரிடம் பேசுங்கள். இந்த நான்கு மாதத்துக்குக் கூட்டத்தை அவர்கள் காலை 8-க்கு மாற்ற முடியுமா, அல்லது இங்கிருந்து தினம் ஒருவர் என்று முறை வைக்க முடியுமா? ‘எனக்குக் கஷ்டமாக இருக்கிறது’ என்று கேட்பதைவிட, இந்த இரண்டு ஏற்பாடுகளையும் எழுதிக்கொண்டு போய்க் கேட்டால் பேச்சு சீக்கிரம் முடியும்.

கூட்டம் முடிந்ததும் நேரே படுக்கைக்குப் போகாதீர்கள். நடுவில் முக்கால் மணி நேரமாவது வேண்டும். முதல் ஐந்து நிமிடம் நாளைய வேலையைக் காகிதத்தில் எழுதுங்கள். இதற்கும் ஆய்வு உண்டு. பேய்லர் பல்கலைக்கழகத்தில் மைக்கேல் ஸ்கல்லின் குழுவினர் 57 பேரைத் தூக்க ஆய்வகத்தில் வைத்துப் பார்த்தார்கள். முடிவு 2018-இல் வெளியானது. படுக்குமுன் ஐந்து நிமிடம், செய்ய வேண்டியவற்றை எழுதியவர்கள், செய்து முடித்தவற்றை எழுதியவர்களைவிடச் சராசரியாக 9 நிமிடம் முன்னதாகத் தூங்கினார்கள். விவரமாக எழுதியவர்களுக்குப் பலன் கூடுதலாக இருந்தது. ‘சொல்லாமல் விட்ட பக்’ அந்தக் காகிதத்தில் முதல் வரியாகட்டும்: காலை 11 மணிக்கு டிக்கெட்டில் (பிழைப் பதிவில்) இந்தக் குறிப்பைச் சேர்ப்பது, இன்னாரை டேக் செய்வது.

பிறகு ட்யூப் லைட்டை அணைத்துவிட்டுச் சின்ன விளக்கு மட்டும் போடுங்கள், வெந்நீரில் பத்து நிமிடம் குளியுங்கள். குளித்து முடித்ததும் உடம்பின் உட்சூடு இறங்கும். அந்த இறக்கத்தில் தூக்கம் வரும். குளித்த கையோடு படுக்காமல் சற்று இடைவெளி விட்டால் பலன் நன்றாகத் தெரியும். இரவுச் சாப்பாட்டை எட்டரைக்குள், கூட்டத்துக்கு முன்பே முடித்துவிடுங்கள்.

கூட்டத்துக்குத் தெம்பாக ஏழு மணிக்குக் குடிக்கும் காபிதான் உங்களுக்கு எதிரி என்று நினைக்கிறோம். ரத்தத்தில் காஃபின் பாதியாகக் குறையவே பலருக்குச் சுமார் ஐந்து மணி நேரம் ஆகும். நள்ளிரவில் அரை டம்ளர் காபி உள்ளே இருப்பதாகத்தான் கணக்கு. பிற்பகல் 3 மணியோடு நிறுத்துங்கள்.

படுத்து ஏறக்குறைய 20 நிமிடத்தில் தூக்கம் வரவில்லை என்றால் எழுந்து வேறு இடத்தில் உட்காருங்கள். கண் சொக்கியதும் திரும்பி வாருங்கள். புரண்டுகொண்டே யோசித்தால் ‘கட்டில் என்பது யோசிக்கும் இடம்’ என்று உடம்பு பழகிவிடும். மணி பார்க்க வேண்டாம், தோராயமாக 20 நிமிடம் போதும். எத்தனை மணிக்குத் தூங்கினாலும் எழும் நேரத்தை மாற்றாதீர்கள். முதல் வாரம் பகலில் கண் எரியும். அதைப் பார்த்து விட்டுவிடாதீர்கள், வண்டி ஓட்டுவதில் மட்டும் எச்சரிக்கையாக இருங்கள்.

கேள்வி: என் வீட்டுக்காரர் ஜவுளி மொத்த வியாபாரம் செய்கிறார். இரவு பத்து மணிக்கு வந்தால் பவுன்ஸ் ஆன செக், வராத பாக்கி, இதே பேச்சுதான். பேச வேண்டாம் என்றால் கோபப்படுகிறார். பேசவிட்டால் பன்னிரண்டு மணி வரை போகிறது. (ஈரோடு)

பதில்: பேச்சை அடைக்க வேண்டாம் அம்மா. அதற்கு ஒரு நேரமும் ஓர் இடமும் கொடுங்கள். சாப்பிட்டதும் வாசலிலோ மாடியிலோ இருபது நிமிடம் உட்காருங்கள். டி.வி. இருக்கும் அறையும் படுக்கையறையும் வேண்டாம். முதல் பத்து நிமிடம் அவர் சொல்வதைக் குறுக்கே பேசாமல் கேளுங்கள். பிறகு ஒரே கேள்வி: “சரிங்க, நாளைக்கு இதுல முதல்ல யார்கிட்டப் பேசணும்?”

அந்தக் கேள்விக்கு வரும் பதில்தான் முக்கியம். ‘காலையில பத்து மணிக்கு அந்தப் பார்ட்டிக்கு ஃபோன் போடுறேன், அவன் தரலேன்னா வக்கீலைப் பார்க்கிறேன்’ என்றால் அது யோசனை, எழுதி வைத்துவிடலாம். ‘இவனுங்களை நம்பினது என் தப்பு, எப்பவும் எனக்கு இப்படித்தான்’ என்றால் அது உழற்றல். யோசனைக்கு முடிவு உண்டு. உழற்றல் மூன்றாம் சுற்றிலும் அதே வாக்கியத்துக்குத்தான் வந்து நிற்கும். அப்போது வாதாட வேண்டாம். “இதை நாளைக்கு மாடியில பேசலாங்க” என்று சொல்லி எழுந்துவிடுங்கள். முதல் சில நாள் முறைப்பார். தினமும் அந்த இருபது நிமிடம் தவறாமல் கிடைக்கிறது என்று தெரிந்தால் படுக்கையறையில் ஆரம்பிப்பது குறையும்.

செக் விஷயத்தில் ஒரு நடைமுறைக் குறிப்பு: செக் திரும்பிய தகவல் வங்கியிலிருந்து வந்த 30 நாளுக்குள் எழுத்துமூல நோட்டீஸ் அனுப்ப வேண்டும் என்பது சட்டம். பல வியாபாரிகளின் இரவுக் கவலை இந்தக் கெடு மனசில் மிதந்துகொண்டிருப்பதால்தான். ஒரு நோட்டில் ஒவ்வொரு செக்குக்கும் திரும்பிய தேதி, கடைசித் தேதி என இரண்டு கட்டம் போட்டு வைக்கச் சொல்லுங்கள்.

தூக்கமின்மை, எதிலும் பிடிப்பின்மை, பசியின்மை, காரணமில்லாத எரிச்சல் இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால், அல்லது தினமும் குடித்தால்தான் தூக்கம் என்ற நிலை வந்தால், மேலே சொன்னது போதாது. மருத்துவரைப் பார்க்க வேண்டும். ‘நான் இருந்து என்ன பிரயோஜனம்’ என்பது போன்ற பேச்சு வந்தால் ஒரு நாள்கூடத் தள்ளிப்போடக் கூடாது. அரசின் டெலி-மானஸ் மனநல உதவி எண் 14416. 24 மணி நேரமும் இலவசம், தமிழில் பேசலாம். அவருக்காக நீங்களும் அழைக்கலாம்.

கேள்வி: செவிலியர். ட்யூட்டி முடிந்து பஸ் ஏறியதும் ‘அந்த பெட் ஊசியைக் குறித்தேனா’ என்று சந்தேகம் வரும். வார்டுக்கு இரண்டு மூன்று தடவை ஃபோன் செய்வேன். (மதுரை)

பதில்: மருந்து கொடுத்த அந்த நிமிடமே, படுக்கை அருகிலேயே கையெழுத்துப் போடுங்கள். ‘எல்லாருக்கும் கொடுத்துட்டு மொத்தமா போட்டுக்கலாம்’ என்பதில்தான் இந்தச் சந்தேகம் பிறக்கிறது. பத்துப் பேருக்கு ஒன்றாகப் போட்ட கையெழுத்தில் எந்த ஒன்றும் தனியாக நினைவில் நிற்காது.

ஹேண்ட்ஓவரை (அடுத்த ஷிஃப்டிடம் பொறுப்பை ஒப்படைப்பதை) மேஜையில் உட்கார்ந்து சொல்லாமல் படுக்கை படுக்கையாக நடந்து சொல்லுங்கள். ஒவ்வொருவருக்கும் நான்கு விஷயம்: இப்போதைய நிலை, பின்னணி, உங்கள் மதிப்பீடு, அடுத்துச் செய்ய வேண்டியது. கேட்டவர் கடைசி விஷயத்தைத் திருப்பிச் சொல்லட்டும். கிளம்புமுன் உங்கள் ஷிஃப்டின் மருந்து நேரக் கட்டங்களில் விரலை வைத்து மேலிருந்து கீழே வாருங்கள்; காலிக் கட்டம் இருந்தால் அங்கேயே தெரியும்.

அதன் பிறகும் உறுதியான சந்தேகம் வந்தால் ஒரு தடவை ஃபோன் செய்யுங்கள். நோயாளியின் பாதுகாப்புதான் முதலில், தயங்க வேண்டாம். பதில் கிடைத்தபிறகு அதே கேள்விக்கு இரண்டாம் ஃபோன் மட்டும் வேண்டாம். ஒவ்வொரு உறுதிமொழியும் பத்து நிமிடம் ஆறுதல் தரும். அடுத்த முறை சந்தேகம் இன்னும் சீக்கிரம் வரும். வீட்டிலும் கேஸ், பூட்டு என்று இந்தச் சரிபார்ப்பு பரவினால் மனநல மருத்துவரிடம் காட்டுங்கள், நல்ல சிகிச்சை இருக்கிறது.

ஷிஃப்டில் ஒரு மரணம் நேர்ந்த நாளுக்கு இவை எதுவும் பொருந்தாது. அன்று மறக்க முயலாமல், யூனிஃபார்ம் மாற்றும் முன் உடன் இருந்த ஒருவரிடம் பத்து நிமிடம் பேசிவிட்டுக் கிளம்புங்கள்.

கேள்வி: ஒரே அறை வீடு. அங்கேயே ஜிஎஸ்டி கணக்கு வேலை. ஆபீஸ் எது, வீடு எது என்றே தெரியவில்லை. (திருநெல்வேலி)

பதில்: அறையைப் பிரிக்க முடியாவிட்டால் பொருளைப் பிரியுங்கள். வேலைக்கு ஒரு நாற்காலி, சாப்பிடவும் டி.வி. பார்க்கவும் அதில் உட்காரக் கூடாது. முடிந்ததும் லேப்டாப்பை மூடி வைத்தால் போதாது. சார்ஜரைக் கழற்றி, பையில் போட்டு, ஜிப் இழுத்து, பரண் மேலோ பீரோவிலோ வையுங்கள். மறுபடி எடுக்க மூன்று நிமிடம் ஆனால், ‘ஒண்ணே ஒண்ணு பார்த்துடலாம்’ என்ற எண்ணம் பாதித் தடவை தானே கலைந்துவிடும். பிறகு உடை மாற்றி, தெருவை ஒரு சுற்று நடந்துவிட்டு உள்ளே வாருங்கள். ஆபீஸ் போகிறவர்களுக்குப் பஸ் பயணம் தரும் இடைவெளி உங்களுக்கு இல்லை, அதை நீங்களேதான் உண்டாக்க வேண்டும்.

மாதத் தாக்கல் செய்பவர்களுக்கு ஜிஎஸ்டிஆர்-1 படிவத்துக்கு 11-ஆம் தேதி, 3பி படிவத்துக்கு 20-ஆம் தேதி கெடு. அதற்கு முந்தைய மூன்று நாள் மனசு விலகாது, விலகவில்லையே என்று வருந்தவும் வேண்டாம். அந்த நாட்களைக் காலண்டரில் வட்டமிட்டு வீட்டில் சொல்லிவிடுங்கள். 21-ஆம் தேதி மாலையைக் கட்டாய விடுப்பாக இப்போதே குறியுங்கள். வாடிக்கையாளரிடம் பில் வாங்கும் கெடுவை 5-ஆம் தேதி என்று வைத்தால் அந்த மூன்று நாள் இரண்டாகக் குறையும்.

கேள்வி: ஞாயிறு மாலை நாலு மணிக்கே திங்கட்கிழமை பயம் வந்துவிடுகிறது. (கோவை)

பதில்: வெள்ளி அல்லது சனி, கிளம்பும் முன்னால் திங்களின் முதல் ஒரு மணி நேரத்துக்கான வேலையை எழுதிவிடுங்கள். அது சுலபமான, முடிக்கக்கூடிய வேலையாக இருக்கட்டும். ஞாயிறு மாலை 4 முதல் 6 வரை வெளியே போகும் ஏற்பாட்டைப் புதன்கிழமையே யாரிடமாவது சொல்லி வையுங்கள். துணி இஸ்திரி, டிஃபன் பை போன்ற திங்கள் தயாரிப்பை ஞாயிறு காலையில் முடியுங்கள்.

கேள்வி: 14 பேர் வேலை செய்யும் அச்சகம் நடத்துகிறேன். இரவில் தோன்றுவதை மறக்காமலிருக்க ஊழியர் குழுவில் போட்டுவிடுவேன், ‘காலையில் பார்த்தால் போதும்’ என்றும் எழுதுவேன். இதுவும் தவறா? (சிவகாசி)

பதில்: நிறுத்திவிடுங்கள். ‘காலையில் பார்த்தால் போதும்’ என்ற வரியைப் படிக்கவே அவர் செய்தியைத் திறந்தாக வேண்டும். திறந்ததும் பிளேட்டும் இங்க்கும் அவர் சாப்பாட்டுத் தட்டுக்கு வந்துவிடும். முதலாளி விழித்திருக்கிறார், நாம் பதில் போடவில்லையே என்ற எண்ணமும் கூடவே வரும்.

பிரான்ஸில் 2017 ஜனவரி முதல் 50 பேரோ அதற்கு மேலோ உள்ள நிறுவனங்கள் வேலை நேரத்துக்குப் பிந்தைய தொடர்பு பற்றி ஊழியர்களோடு பேசி வரையறுக்க வேண்டும் என்று சட்டம் இருக்கிறது. வேலை நேரத்துக்குப் பிறகு வரும் தொடர்புக்குப் பதில் தராமல் இருக்கும் உரிமை ஆஸ்திரேலியாவில் 2024 ஆகஸ்டில் வந்தது; சிறு நிறுவனங்களுக்கு ஓர் ஆண்டு கழித்து. நம் மக்களவையில் 2018-இல் சுப்ரியா சுலே எம்.பி. இந்த உரிமையைத் தனிநபர் மசோதாவாகக் கொண்டுவந்தார், அது சட்டமாகவில்லை. உங்கள் அச்சகத்துக்குச் சட்டம் தேவையில்லை, ஒரு தாள் போதும்.

இரவில் தோன்றுவதை உங்களுக்கே அனுப்பிக்கொள்ளுங்கள். வாட்ஸ்அப்பில் சொந்த எண்ணுக்கே செய்தி அனுப்பலாம். காலை 9 மணிக்கு அதைப் பிரித்து உரியவரிடம் சொல்லுங்கள். மெயில் என்றால் நேரம் குறித்து அனுப்பும் வசதியைப் பயன்படுத்துங்கள். எதெல்லாம் அவசரம் என்று தாளில் எழுதி மிஷின் அருகே ஒட்டுங்கள்: தீ, விபத்து, மறுநாள் காலை 8-க்குள் டெலிவரி ஆக வேண்டிய வேலையில் பிழை. இந்த மூன்றுக்கும் செய்தி கிடையாது, ஃபோன்தான். வாரத்துக்கு ஒருவர் என்று முறை வைத்து அவரை மட்டும் அழையுங்கள். அவருக்கு அதற்கான படியும் கொடுங்கள். மற்ற 13 பேரும் ஃபோனைத் தள்ளி வைத்துவிட்டுத் தூங்கலாம்.

காலண்டர், டைரி சீசனில் இரவு வேலை தவிர்க்க முடியாது என்பது தெரியும். அந்த வாரங்களின் பட்டியலையும் செப்டம்பரிலேயே அதே தாளில் எழுதி ஒட்டிவிடுங்கள்.